வெடிமருந்துக் கிடங்கும் ஆயுத உரிமமும்: வீரன் சுந்தரலிங்கனாரின் வாழ்வு

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே, கவர்னகிரி என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 16 அன்று அவ்வூரில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும். கட்சித் தலைவர்களும் அரசு அதிகாரிகளும் வந்து ஒரு சிலைக்கு மாலை அணிவிப்பர். சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய காவலர் அணிவகுத்திருப்பர். மாலை பெறுபவர் வீரன் சுந்தரலிங்கனார்; வீரபாண்டியக் கட்டபொம்மனின் படைத்தளபதி; குடும்பர் சமூகத்தில், இன்றைய அரசு வழக்கில் தேவேந்திரகுல வேளாளர் எனப்படும் மக்களிடையே, பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துத் தானும் அதில் மாண்டவர் என்று இப்பகுதி மக்கள் அவரை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்கின்றனர்.

அவருடைய வாழ்வை வீர வழிபாடாக எழுதுவது எளிது. அவ்வாறு பலர் எழுதியிருக்கின்றனர். இக்கட்டுரை அவ்வாழ்வை வேறொரு கேள்வியோடு சேர்த்துப் படிக்க முயல்கிறது. இம்மண்ணில் ஆயுதம் யார் கையில் இருந்தது? அதை வைத்துக்கொள்ள யாருக்கு அனுமதி கிடைத்தது? தன் வீட்டையும் தெருவையும் காத்துக்கொள்ள விரும்பும் ஒரு தலித் குடும்பத்துக்குச் சட்டம் இன்று என்ன தருகிறது? இக்கேள்விகளுக்கான விடை சுந்தரலிங்கனார் பிறந்த கரிசல் நிலத்திலேயே கிடக்கிறது.

கடல்வழி வந்த துப்பாக்கி

சுந்தரலிங்கனார் பிறந்த ஆண்டு 1770 என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள கணக்கு. அக்காலத் திருநெல்வேலிச் சீமை பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. ஆர்க்காட்டு நவாபுக்கு வரி செலுத்த வேண்டியவர்களாக இருந்த பாளையக்காரர்கள், தத்தம் எல்லைக்குள் வரி தண்டினர், காவல் நடத்தினர், படை வைத்திருந்தனர். அப்படையின் பெரும்பகுதி, ஆண்டின் மற்ற நாட்களில் ஏர் பிடித்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் கால்வாய் வெட்டியவர்களுமே. வேலும் வல்லயமும் வளரியும் வாளும் அவர்களுடைய ஆயுதங்கள். சிலரிடம் திரியிட்டுச் சுடும் துப்பாக்கி இருந்தது.

அத்துப்பாக்கி கடல்வழியே இக்கரைக்கு வந்தது. முத்துக்குளித்துறைக் கரைக்குப் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்தனர். தம்மை ஒடுக்கியவர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடிய பரதவர் 1530களில் பெருந்திரளாக மதம் மாறியதற்கும், போர்த்துக்கீசியக் கப்பல்களில் இருந்த பீரங்கிகளுக்கும் தொடர்புண்டு. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் கூடும் பெருங்கூட்டத்தையும் குவியும் சிப்பியையும் காத்து நின்றவை அவர்களுடைய துப்பாக்கிகள்தாம். கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கியவன் கையில் சிப்பியும், கரையில் நின்று பங்கு பிரித்தவன் கையில் துப்பாக்கியும் இருந்தன என்பது அக்காலப் பொருளாதாரத்தின் சுருக்கம்.

துறைமுகத்தில் இறங்கிய ஆயுதம் உள்நாட்டுக்கும் சென்றது. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் தலைமையிலான கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, பணத்தோடும் துப்பாக்கிகளோடும் வெடிமருந்தோடும், கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு மரபினருக்கும் இடையே எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையும் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அப்போது சுந்தரலிங்கனார் பதின்ம வயதுச் சிறுவர். கவர்னகிரியின் வயலில் நின்றபடியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

பாளையத்தின் படையில்

1790இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியின் பாளையக்காரரானார். அவருடைய படையில் பல சாதியினர் இருந்தனர். இராசகம்பளத்தாரும் மறவரும் மட்டுமல்லாமல், குடும்பரும், பகடை என்னும் பெயர் தாங்கிய அருந்ததியரும் அப்படையில் நின்று போரிட்டனர். வாய்மொழிக் கதைகளும், நா. வானமாமலை போன்றோர் திரட்டிப் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல்களும் இப்பன்மையைக் காத்துத் தந்துள்ளன. அம்மரபில் சுந்தரலிங்கம், கட்டபொம்மனின் நம்பிக்கைக்குரிய தளபதி, ஒற்றறிவதில் வல்லவர், முன்னணியில் நிற்பவர்.

ஒரு குடும்பர் எவ்வாறு தளபதியானார் என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. போர்க்காலத்தில் அரசுக்கு ஆள் தேவை. நிலத்தை அறிந்தவன் தேவை. கண்மாய்க் கரையும் ஓடைப் புதரும் வேலிக்காத்த வழியும் தெரிந்தவன் உழவன்தான். எனவே ஆயுதம் அவன் கைக்கு வருகிறது. ஆனால் அது பாளையக்காரரின் ஆயுதம். பாளையக்காரரின் எதிரிக்கு எதிராக மட்டுமே உயர்த்த வேண்டிய ஆயுதம். தன்னை இழிவு செய்யும் தெருவை நோக்கி அவன் அதை உயர்த்த முடியாது. படையில் கிடைத்த மதிப்பு நிலத்திலும் கோயிலிலும் கிணற்றடியிலும் கிடைத்ததாக எந்தக் கதைப்பாடலும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் அதன்பின் நடந்தவை விளங்கும்.

1798 செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரம் அரண்மனையில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் என்னும் ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். வரிப்பாக்கி என்று தொடங்கிய பூசல் போராக மாறியது. மறு ஆண்டு மேஜர் பானர்மென் தலைமையில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்தது.

1799 செப்டம்பர்

செப்டம்பர் 5 அன்று கோட்டை தாக்கப்பட்டது. மண்ணால் எழுப்பிய மதில். அதைச் சுற்றி முள்வேலி. அதை எளிதில் தகர்த்துவிடலாம் என்று எண்ணிய கம்பெனிப் படை அன்று பின்வாங்க நேர்ந்தது. அதிகாரிகள் உள்படப் பலர் மாண்டனர். பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்து சேர்வதற்காகப் பானர்மென் காத்திருந்தார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. மதிலைக் காப்பாற்றுவது ஆள்பலம். மதிலை உடைக்கப் போவது வெடிமருந்து.

சுந்தரலிங்கனாரின் கடைசிச் செயலை மக்கள் மரபு இந்த இடத்தில் வைக்கிறது. செப்டம்பர் 8ஆம் நாள், அவரும் அவருடைய முறைப்பெண் வடிவும் ஆடு மேய்ப்பவர் வேடத்தில் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கை நெருங்கி, தீப்பந்தத்தோடு உள்ளே பாய்ந்தனர், கிடங்கு வெடித்தது, இருவரும் மாண்டனர். தலைமுறை தலைமுறையாகக் கவர்னகிரியில் சொல்லப்பட்டுவரும் வரலாறு இதுவே.

இக்கதையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, வடிவின் இடம். வீரக்கதைகளில் பெண் பெரும்பாலும் வாசலில் நின்று திலகமிட்டு அனுப்புபவளாகவே வருவாள். இம்மக்கள் தம் கதையில் அவளைக் கிடங்கு வரை உடன் நடக்க வைத்தனர். இரண்டாவது, ஆயுதத்தின் இடம். சுந்தரலிங்கனாரிடம் எதிரியின் பீரங்கிக்கு ஈடான ஆயுதம் இல்லை. ஆட்டிடையன் வேடம், ஒரு தீப்பந்தம், எதிரியின் கிடங்கிலேயே இருந்த வெடிமருந்து ஆகியவைதாம் அவருடைய படைக்கலங்கள். ஏழை உழைப்பாளியைக் கண்டு யாரும் ஐயுறமாட்டார்கள் என்ற அறிவும் அவற்றில் ஒன்று. தனக்கென ஆயுதம் இல்லாதவர்கள் போரிட நேரும்போது தம் உடலையே ஆயுதமாக்க வேண்டியிருக்கிறது. இதைப் பெருமைக்குரியதாக மட்டும் பார்ப்பது போதாது. எவ்வளவு சமமற்ற நிலையிலிருந்து அவர் போரிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

கோட்டை அம்மாதத்திலேயே வீழ்ந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்ட கட்டபொம்மன், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

ஆயுதம் பறிக்கப்பட்ட கதை

சுந்தரலிங்கனார் மறைந்தபின் தொடங்கிய ஒரு நிகழ்வு இன்றுவரை முடியவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி ஆணையிட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவருடைய படையினர் தூத்துக்குடியையும் சில காலம் கைப்பற்றினர். அவ்வாண்டு மே மாதம் கோட்டை மறுபடி வீழ்ந்தது. போர் முழுவதும் அடங்கியபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். தென்சீமையில் கோட்டைகளுக்கும் ஆயுதங்களுக்கும் தடை, மீறுவோருக்குக் கடுந்தண்டனை.

அத்தடை எல்லோருக்கும் ஒரே அளவில் விழுந்ததாகத் தோன்றும். நடைமுறை வேறு. பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன்தாருக்கும் அவருக்கு வேண்டியவர்களுக்கும் காலப்போக்கில் அனுமதியோடு ஆயுதம் திரும்பி வந்தது. ஊர்க்காவல் உரிமை பெற்றிருந்த சாதிகள் அவ்வுரிமையைப் பல இடங்களில் வேறு வடிவில் தொடர்ந்தன. போர்க்காலத்தில் மட்டும் ஆயுதம் தரப்பட்ட குடும்பரும் அருந்ததியரும் பறையரும் வெறுங்கையோடு ஏருக்கும் தோலுக்கும் பறைக்கும் திரும்பினர். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. உரிமம் தருவது அதிகாரியின் விருப்பம். யாரை அதிகாரிக்குத் தெரியுமோ, யாரிடம் நிலம் இருந்ததோ, யார் அரசுக்கு வேண்டியவரோ, அவர் வீட்டுச் சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கியது. அது வேட்டைக்கும் பயன்பட்டது. கூலி கேட்டு வருபவனுக்குக் காட்டவும் பயன்பட்டது.

1911 ஜூன் 17 அன்று, கவர்னகிரி இருக்கும் இதே வட்டாரத்து மணியாச்சி இரயில் நிலையத்தில், கலெக்டர் ஆஷ் ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனின் பெயரை அந்நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அப்பெயரைக் குறித்து இங்கே கலவரம் எதுவும் நடந்ததில்லை. சுந்தரலிங்கனாரின் பெயருக்கு நடந்தது வேறு.

பெயர்ப்பலகைக்கு நேர்ந்தது

1997 மே மாதம், தமிழ்நாடு அரசு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. அதற்கு முன்பே பல தலைவர்களின் பெயரில் கழகங்களும் மாவட்டங்களும் இருந்தன. அவற்றின் பேருந்துகளில் எல்லோரும் ஏறினர். ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர் கிளர்ந்தனர். தென்மாவட்டங்களில் மோதல் வெடித்தது, உயிர்கள் போயின. அவ்வாண்டு ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

வ.உ.சிதம்பரனார் பெயரில் இருந்த மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். நாம் இன்று முகவரியில் எழுதும் மாவட்டப் பெயரே, சுந்தரலிங்கனார் பெயரை ஏற்க மறுத்த சாதியத்தின் விளைவு. ஓட்டப்பிடாரத்தில் பிறந்து கப்பல் ஓட்டியவரின் பெயரை இழப்பதற்கும் ஒரு சமூகம் ஆயத்தமாக இருந்தது. பக்கத்து ஊர் குடும்பரின் பெயரைப் பேருந்தில் காண்பதற்கு ஆயத்தமாக இல்லை.

ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

பெயருக்கே இவ்வளவு என்றால், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு எத்தகையது? இதற்கு 1995ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டு மார்ச் 31 அன்று, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 3ஆவது விதி முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பட்டியலிடுகிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அப்பகுதியில் தேவையென்றால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும்; அவற்றைச் செய்வதைத் தடுக்க வேண்டும். தேவையெனக் கருதினால், உயிர், உடைமைப் பாதுகாப்புக்காகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும். 1801 முதல் பறித்தலையே செய்துவந்த அரசு, தருவதைப் பற்றியும் எழுத்தில் பேசிய அரிய இடம் இது.

ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, மணியாச்சிக்கு அருகிலுள்ள கொடியன்குளத்துக்குள் ஏறத்தாழ 600 காவலர் நுழைந்தனர். முழுவதும் தலித்துகள் வாழ்ந்த ஊர் அது. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தால் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்த ஊர். கொலை வழக்கில் தேடப்படுவோரைப் பிடிக்க வந்ததாகக் காவல்துறை கூறியது. நொறுக்கப்பட்டவை தொலைக்காட்சிப் பெட்டிகளும் மின்விசிறிகளும் வீட்டுப் பொருள்களும். குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது. அன்று அவ்வீடுகளுக்குள் அரசே ஆயுதத்தோடு புகுந்தது. தடுக்க யாரும் இல்லை. 3ஆவது விதியைச் செயல்படுத்த வேண்டிய அதே நிர்வாகம்தான் அப்படையை அனுப்பியது.

சுந்தரலிங்கனாரின் ஊருக்கும் இவ்வூருக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. இரண்டு நூற்றாண்டுகளில் மாறாமல் நின்ற ஒன்று, ஆயுதம் இருக்கும் இடத்துக்கும் அச்சம் இருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள சாதி எல்லை.

துப்பாக்கி வாங்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன், வீடு தாக்கப்பட்ட ஒரு முதியவர் என்னைத் தேடி வந்தார். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள என்ன துப்பாக்கி வாங்கலாம், அதற்கு யாரிடம் மனு தர வேண்டும் என்றே கேட்டார். அவரை வீரன் சுந்தரலிங்கனாரின் வாரிசு என்று மேடையில் அழைப்பவர்கள் உண்டு. அவருக்கு விடை சொல்பவர் யாரும் இருக்கவில்லை. அன்று அவருக்குச் சொன்னதைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

சட்டம் தற்காப்புரிமையை ஏற்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அவ்வுரிமையின் எல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தருவது பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். அதற்குமுன் காவல் நிலைய அறிக்கை பெறப்படும். பாதுகாப்புக்காகக் குடிமகன் ஒருவர் எளிதில் கோரத்தக்கது, குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி. நடைமுறையில் இது 12 போர் என்று வழங்கப்படும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் சட்டத்தின் 13ஆவது பிரிவு இடம் தருகிறது. கைத்துப்பாக்கியின் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாதது.

மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டிய ஒரு வரி 14ஆவது பிரிவில் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நிலம் இல்லாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவது சட்டத்துக்கு முரணானது.

இவற்றையெல்லாம் சொன்னபின், மற்றொரு பக்கத்தையும் அவருக்குச் சொன்னேன். வீட்டில் இருக்கும் துப்பாக்கி பகைவனை மட்டும் பார்ப்பதில்லை. குழந்தை கைக்கு எட்டும். குடிபோதையில் வரும் மகன் கைக்கு எட்டும். மனமுடைந்த ஒருவரின் கைக்கும் எட்டும். தோட்டா நீக்கி, பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால்தான் வீட்டுக்கு அது பாதுகாப்பு. அவ்வாறு வைத்தால் இரவில் கூட்டம் வந்து கதவை உடைக்கும் நேரத்தில் அது உதவுவது அரிது. மேலும், வன்கொடுமை வழக்குகளில் எதிர்வழக்குப் போடுவது இங்கே வழக்கம். தாக்கப்பட்டவர் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது இருதரப்பு மோதல் என்று எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒருமுறை சுட்டுவிட்டால் அவருடைய மிச்ச வாழ்நாள் நீதிமன்றத்தில் கழியும்.

அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்ததுண்டு. 1956 ஜனவரியில் மாண்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் அப்போது உள்ளே இருந்தனர். அதன்பின் அவர் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டு மனு செய்தார், மனு மறுக்கப்பட்டது. பின்னர் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதையே அவர் கைவிட்டார். இவை இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். கைவிட்டது அவருடைய அறம். மறுத்தது அரசின் நிறவெறி. அவருடைய அறத்தைப் புகழ்ந்து அரசின் மறுப்பை மறைக்கக் கூடாது. இங்கேயும் அப்படியே. ஒரு தலித் குடும்பம் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்யலாம். பெரும்பாலும் அதுவே நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் அம்முடிவை எடுக்கும் உரிமை அக்குடும்பத்துக்கு இருக்க வேண்டும்.

3ஆவது விதியின் வரிசையும் இதையே சுட்டுகிறது. அது முதலில் அச்சுறுத்துபவனின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்கிறது. அடுத்துக் கள்ளத் துப்பாக்கியைக் கைப்பற்றச் சொல்கிறது. அதன் பின்னரே பாதிக்கப்படக்கூடியவருக்கு உரிமம் தருவதைப் பற்றிப் பேசுகிறது. இரு பக்கமும் துப்பாக்கி பெருகுவதைவிட, அச்சுறுத்தும் பக்கத்தில் துப்பாக்கி இல்லாமல் போவதே பாதுகாப்பு. எனவே நம் முதல் கோரிக்கை உரிமம் கேட்பதாக இருக்க வேண்டியதில்லை. ஆதிக்க சாதியினரின் உரிமங்களை மறு ஆய்வு செய்யக் கேட்பதாக இருக்கலாம்.

நினைவைக் காப்பது எப்படி

சுந்தரலிங்கனாரைத் தனிமனித வீரத்தின் சின்னமாக மட்டும் எடுத்துக்கொண்டால், இளைஞர் ஒருவர் அரிவாளோடு எடுத்த படத்தைக் கைப்பேசியில் ஏற்றுவதே அவருக்குச் செய்யும் சிறப்பு என்றாகிவிடும். அவ்வாறான படங்கள் வழக்குகளில் சான்றாவதை நான் பார்த்து வருகிறேன். வேறு வழியே இல்லாத ஒரு நாளில், தம் ஊர்மக்களோடு சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க, அவர் அதைச் செய்தார். நமக்கு இன்று வேறு வழிகள் இருக்கின்றன. அவை அவருக்குப் பின் வந்தவர்கள் போராடிப் பெற்றவை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆவது விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். மாவட்டத்தில் எத்தனை ஆயுத உரிமங்கள் உள்ளன, அவற்றில் பட்டியல் சாதியினருடையவை எத்தனை, வன்கொடுமைக்கு உள்ளாகக்கூடிய பகுதிகள் என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை, 3ஆவது விதியின்படி இதுவரை ரத்தான உரிமங்கள் எத்தனை, 1995 முதல் அவ்விதியின்படி தலித்துகளுக்கு வழங்கப்பட்டவை எத்தனை என்று ஐந்து கேள்விகள் போதும். விடை வந்தாலும் சான்று, வராவிட்டாலும் சான்று.

அடுத்த ஏப்ரல் 16 அன்று கவர்னகிரிக்கு மாலையோடு செல்பவர்கள் செல்லட்டும். அதற்கு முன்பாக, தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்த ஐந்து கேள்விகளோடு நூறு மாணவர்கள் மனு அனுப்ப முடியும். மாலை வைக்க வரும் அமைச்சரிடம் அம்மனுக்களின் விடையைக் கேட்கவும் முடியும்.